ஊடு ஆருட பேரில?

சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் றுக்ஷானா முதலில் மூக்கைத்தான் கொண்டுபோவார். மீட்டர் பிறகு. கருகிய மணமா, பல்லி செத்த மணமா, வாவிக் காற்று தின்ற செம்பின் மணமா என்று உடனே சொல்லிவிடுவார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பாதி வீடுகளுக்கு மூன்றாவது மணம். "உப்பு கடிச்சிரிக்கி" என்பார். கம்பி நுனியைச் சுரண்டி, துளி கிறீஸ் தடவி, அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

ஏறாவூர்க்காரி. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். கறுப்பு ஹபாயாவுக்கு மேல் பைகள் நிறைந்த காக்கி மேலங்கி, ஸ்கூட்டியின் பக்கத்தில் கட்டிய மடக்கு ஏணி. சந்திகளில் இளைஞர்கள் முன்பு சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை, அவர்களுடைய அக்காமார் வீட்டு விசிறி நின்றால் இவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அவர் பூட்டுவது போனுக்கும் வாய்ச்சொல்லுக்கும் பணியும் வீடுகளை. பல்ப், விசிறி, தண்ணீர் மோட்டர், வாசல் கேற், கமரா எல்லாம். மட்டக்களப்பில் இதெல்லாம் யாருக்கு என்று கேட்பவர்கள் கட்டாரிலும் கனடாவிலும் இருந்து வரும் பெட்டிகளைப் பார்க்காதவர்கள். அந்தச் சாமான்களில் ஊசி முனை போகும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது. உள்ளே அமுக்கிப் பிடித்தால் பழைய எசமானை மறந்துவிடும். அமுக்குவதற்குக் கம்பனி கொடுக்கும் கம்பி எந்த வீட்டிலும் தேடினால் கிடைக்காது. றுக்ஷானா தலைத்துணியில் குத்தியிருக்கும் ஊசிகளில் ஒன்றை உருவுவார், அமுக்குவார், திரும்பக் குத்திக்கொள்வார். கண்ணாடி பார்க்கமாட்டார்.

இந்த வியாபாரத்தில் உலகத்தில் நாலைந்து பெரிய கம்பனிகள்தான் முன்னால் நிற்கின்றன. பல வருடமாக அவர்களுக்குள் அடிபிடி. பல்ப் விற்பதல்ல நோக்கம், வீட்டைப் பிடிப்பது. குசினிக்குள் ஒருவனுடைய பேசும் பெட்டி புகுந்துவிட்டால் அறைக்கும் விறாந்தைக்கும் அவனிடமே போக வேண்டும். ஒருவனுடைய விளக்கு மற்றவனுடைய பெட்டி சொல்வதைக் கேட்காது. வாங்கிய சனம் சலித்துப்போனது. பிறகுதான் போட்டிக்காரர்கள் ஒரே மேசையில் கூடி, எல்லாச் சாமானுக்கும் விளங்கும் ஒரு பொது மொழியை உண்டாக்கினார்கள். நல்ல மனத்தால் செய்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். முதலாளிமார் கூடிச் செய்ததெல்லாம் கெட்டது என்று எழுதியே பழகிய கை இது. இருந்தாலும் இந்த ஒன்று எங்களுக்கு உதவுகிறது.

றுக்ஷானாவுக்கு இதை விளக்க ஒரு சஹன் போதும். முஸ்லிம் வீட்டு விருந்தில் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது.

"எல்லாரும் ஒரு சஹன்லதான் குந்தியிரிக்கானுகள். ஆனா ஒவ்வொருத்தனும் அவனவன்ட பக்கத்துச் சோத்தத்தான் அள்ளுறான். இறச்சிய நடுவுக்குத் தள்ளுறதுதான் நம்மட வேல."

எந்த வீட்டுக்குப் போனாலும் ஏணியை இறக்குமுன் ஒரு கேள்வி கேட்பார். எந்தக் கம்பனிச் சாமான் என்றல்ல. "ஊடு ஆருட பேரில?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். தமிழரென்றாலும் முஸ்லிமென்றாலும் வீடு பெண்பிள்ளைக்கு. தாய் தகப்பன் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர்தான் இருக்கும். ஆனால் இப்போது வீட்டை இயக்குகிற கணக்கு டோகாவில் இருக்கும் புருசனுடைய போனிலோ, ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனுடைய போனிலோ இருக்கிறது. உறுதிக்காரி தன் வீட்டில் விருந்தாளி. இதை றுக்ஷானா ஏற்றுக்கொள்வதில்லை. உறுதி யாருடைய பெயரிலோ, தலைமைக் கணக்கும் அவருடைய போனில்தான் இருக்க வேண்டும். மற்றவர்களை அவர் அழைத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளாத வீடுகளில் ஏணி ஸ்கூட்டியை விட்டு இறங்காது. அப்படிச் சில வேலைகளை விட்டிருக்கிறார்.

எங்கிருந்து வந்தது இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். பல்லுக்கிடையில் திருகாணியை வைத்துக்கொண்டு சொன்னார். வளைகுடாவில் ஒரு மாளிகையில் வீட்டு வேலை செய்தவர். எல்லாம் தானாக நடக்கும் வீடு. வாசல் திறப்பது எசமானியின் போனுக்கு மட்டும். அவர் வெளியூர் போனால் றுக்ஷானா உள்ளே. அங்கே ஒரு பூனை இருந்தது. அதன் கழுத்துப் பட்டியில் ஒரு வில்லை. பக்கத்தில் போனதும் பூனைக்கென்று வைத்த சின்னக் கதவு திறக்கும்.

"அந்த ஊட்டுக் கதவுக்குப் பூனையத் தெரியும் தோழர். என்னத் தெரியா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த வீட்டைத் திருத்த வந்தவர்களின் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துத்தான் முதல் பாடம். ஊருக்குத் திரும்பி மின்னிணைப்பு வேலையை முறையாகப் படித்தார். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அறைக்குள் வந்து வேலை செய்யப் பெண் ஒருவர் கிடைத்ததும் காத்தான்குடியும் கல்லடியும் அவரைத் தேடத் தொடங்கின.

இனி விதுர்ஷா வீட்டுக் கதை. அது என் பக்கத்து வீடு.

விதுர்ஷாவுக்கு மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை. புருசன் உதயரூபன் கட்டாரில், அண்ணன் நிதுர்ஷன் கனடாவில். தங்கச்சி தனியாக இருக்கிறாள் என்று நிதுர்ஷன் ஒரு கம்பனியின் கமரா இரண்டும், வாசலுக்கு ஒன்று வீட்டுக்குள் ஒன்று, கேற் மோட்டரும் அனுப்பினான். உதயரூபனுக்கு அது பொறுக்கவில்லை. லீவில் வரும்போது எதிர்க் கம்பனியின் விளக்கு, விசிறி, பேசும் பெட்டி எல்லாம் கொண்டுவந்து பூட்டினான். நிதுர்ஷன் வாசல் விளக்கு அனுப்பினால் உதயரூபன் குசினி விளக்கு அனுப்புவான். இரண்டு பேருக்கும் பாசம். இரண்டு பேரும் தத்தம் போனில்தான் பதிந்தார்கள். நிதுர்ஷனின் கணக்கு கனடா நேரத்தில் ஓடியது. அங்கே பொழுதுபட, இங்கே விடியப்போகும் நேரத்தில் வாசல் விளக்கு ஜெகஜோதியாகப் பற்றும். அயலவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். விதுர்ஷாவும் சிரித்தாள்.

மாரி மழையில் ஒரு நாள் சிரிப்பு நின்றது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேற் திறக்கவில்லை. நிதுர்ஷன் முந்தின நாள் போன் மாற்றியிருந்தான். கேற்றைப் புதிதாகப் பதிந்தவன் தங்கச்சியைச் சேர்க்க மறந்துவிட்டான். உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்படி அவளுடைய போன் சொன்னது. உரிமையாளர் கனடாவில் நல்ல நித்திரை. உதயரூபனோ, அது என்னுடைய கம்பனிச் சாமான் இல்லையே என்றான். கடைசியில் அயலவர்கள் நாங்கள் ஏறி, பிள்ளையை மதிலுக்கு மேலால்தான் வாங்கினோம். கொதிக்கிற உடம்பு முழுக்க ஈரம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் மாறியதும் விதுர்ஷா றுக்ஷானாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொன்னாள். ஆண்கள் இரண்டு பேரும் அதற்குள் போனில் வந்துவிட்டார்கள். மற்றவனுடையதைக் கழற்று, என்னுடையது ஒன்றே போதும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இவர்களுக்கு முன்னால் கம்பனிக்காரன் கெட்டான்.

"கழட்டுறது லேசி," என்றார் றுக்ஷானா. "மறுகா ரெண்டு பேரும் கோவிப்பாங்க, வேற ரெண்டு பெட்டி அனுப்புவாங்க. சாமான் நல்லம் கா. சாவிதான் பிழையான கையில இரிக்கி."

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை ஒன்றில் பகல் முழுவதும் வேலை நடந்தது. ஏணி பிடித்தது நான். தலைத்துணி ஊசி ஒவ்வொரு துவாரமாகப் போய் வந்தது. பொது மொழி தெரிந்தவை ஒரு பக்கம், தெரியாத கிழட்டுச் சாமான்கள் மறு பக்கம். கேற் மோட்டருக்கு அந்த மொழி தெரியாது. அதன் சுவிட்ச் கம்பிக்குக் குறுக்கே, மொழி தெரிந்த ஒரு சின்ன ரிலே சுவிட்ச்சைப் பூட்டினார். இன்ரநெற் போனாலும் வீடு வேலை செய்யும்படி அலுமாரிக்கு மேல் ஒரு கையடக்கப் பெட்டியை வைத்தார். கரண்டும் போனால் திறக்க, கேற்றுக்கு வெளியிலிருந்தே திருப்பும் இரும்புச் சாவி ஒன்று. தலைமைக் கணக்கு விதுர்ஷாவின் போனில். இரண்டு கம்பனிகளின் விளக்குகளும் அவள் ஒரு சொல் சொன்னதும் ஒன்றாகப் பற்றின. அவள் நம்பாமல் மறுபடியும் அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

பிறகு ஆண்களை அழைக்கும் வேலை. நிதுர்ஷன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தான். தன்னை மதிலேற விட்டுவிடாதே என்று பகிடி விட்டான். உதயரூபனுக்கு மனம் கொதித்தது. அவனுக்கு அன்று ஓய்வு நாள், வீடியோவில் இருந்தான். நாங்கள் பக்கத்தில் நிற்பதும் அவனுக்குத் தெரியும்.

"அப்ப எனக்கு என்ட வீட்டுக்கு வர உன்னட்டயா கேக்கணும்?"

விதுர்ஷா குரலை உயர்த்தவில்லை.

"மழைக்குள்ள நிண்டது நானும் புள்ளையும். நான் அண்டைக்கு ஆரிட்டக் கேக்கிற?"

அவன் முகம் போனில் அசையாமல் நின்றது; இன்ரநெற் அறுந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அவள்தான் பேசினாள். "நான் கூப்பிடுறன். நீங்க வாங்க. உங்களுக்குத் திறக்காம நான் ஆருக்குத் திறக்கப்போறன்?"

அழைப்பு அனுப்பும்போது என்ன என்ன செய்ய விடலாம் என்று போன் கேட்டது. விளக்கு, சரி. விசிறி, சரி. கேற், சரி. கமராவுக்கு வந்ததும் விரல் நின்றது. அவள் றுக்ஷானாவைப் பார்த்தாள். றுக்ஷானா சுவரில் ஏற்கெனவே இறுக்கிய திருகாணியை இன்னொருமுறை இறுக்கிக்கொண்டிருந்தார். விதுர்ஷா வாசல் கமராவுக்குச் சரி கொடுத்தாள். வீட்டுக்குள் இருந்த கமராவை விட்டுவிட்டு அழைப்பை அனுப்பினாள்.

பட்டப்பகல். திடீரென்று விறாந்தை விளக்கு பற்றியது. அணைந்தது. திரும்பப் பற்றியது. கட்டாரில் இருந்து அவன்தான். போன் திரையில் அவன் தலையைக் குனிந்து சிரிப்பை மறைப்பது தெரிந்தது. விதுர்ஷா எழுந்து போய்ச் சுவர் சுவிட்ச்சைத் தட்டி அணைத்தாள். அங்கிருந்து பற்றியது. இங்கே அணைத்தாள். மகள் அறைக்குள் இருந்து ஓடிவந்து, எனக்கு எனக்கு என்று சுவிட்ச்சுக்கு எட்டிக் குதித்தாள்.

பொருத்திய விளக்குகளைக் கடைசியாக ஒருமுறை சோதிப்பது றுக்ஷானாவின் வழக்கம். அன்று சோதிக்கவில்லை. கருவிகளைச் சத்தம் வராமல் பைக்குள் வைத்தார், என்னையும் வா என்று கண்ணால் கூப்பிட்டார். படியில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு, நனைந்த மணலில் வெறுங்காலோடு கேற்றை நோக்கி நடந்தார்.