சின்யோரா சொல்லாத நிபந்தனைகள்

வீட்டுக்காரிக்கும் குடியிருப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிற வேலையில் இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுப்பது சுலபம். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று நேரே கதைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வாடகை வீட்டில் காலம் தள்ளி, வருடா வருடம் ஒப்பந்தம் நீளுமா என்று வயிற்றில் நெருப்போடு இருந்த உங்களுக்கு என்னைப் போல ஒருவனைத் தெரிந்திருக்கும். அவனைத் திட்டியும் இருப்பீர்கள். திட்டியது சரிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியில், பலெர்மோவில் ஒரு விதவைச் சின்யோராவின், அதாவது அம்மணியின், வீட்டைத் துப்புரவாக்குவது என் வேலை. போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் அவருக்கு ஒரு பழைய கட்டடம் இருந்தது. அதில் நாலு வீடுகளில் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். அது நீளாவிட்டால் வீடு போகும். வீட்டு ஒப்பந்தக் கடிதம் இல்லாமல் பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் போனால் நாய் படாத பாடு. சின்யோராவுக்கு முழங்கால் வருத்தம், கையெழுத்து நாளில் மட்டும்தான் படியேறி வருவார். எங்கள் ஆட்களுக்கு அப்போது பாஷை போதாது. ஆகவே நான்.

அவர் சொல்லியனுப்பிய நிபந்தனைகள் இரண்டே இரண்டு. குழாய் ஒழுகினால் உடனே சொல்ல வேண்டும், படிக்கட்டு சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் "சின்யோரா சொன்னவ" என்று நான் வாய் திறந்ததும் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்றாலும் உண்மை அதுதான்.

கருவாடு

முதல் வருடம் நானாகச் சேர்த்த நிபந்தனை, கருவாடு பொரிக்கக் கூடாது என்பது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை. அதே கட்டடத்தில் கீழ்வீட்டு இத்தாலியர் சாளை மீன் பொரித்தால் எங்களுக்குக் கண் எரியும். இருந்தாலும் எங்கள் மணம் வேறு, அவர்கள் மணம் வேறு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் மாடியில் மன்னார் அந்தோனி அண்ணை இருந்தார். ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கருவாட்டை அவர் எறியவும் இல்லை, வீட்டில் பொரிக்கவும் இல்லை. லீவு நாளில் சின்ன அடுப்பையும் தாச்சியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பி வந்து, கோபமே இல்லாமல், அனுமதி கேட்கிற குரலில் என்னிடம் சொன்னார்: "தம்பி, கடக்கரைப் பாறையில வைச்சுப் பொரிச்சுத் திண்டனான். அங்கையிருந்து சின்யோராவுக்கு மணக்காதுதானே?"

அலுமாரிக்குள் பிள்ளையார்

சின்யோரா நாள் தவறாமல் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறவர். ஆகவே கையெழுத்து நாளில் சாமிப்படங்கள் கண்ணில் படக் கூடாது என்று அடுத்த சட்டம் போட்டேன். யாழ்ப்பாணத்துச் சிவநேசன் பிள்ளையாரைச் சுவரிலிருந்து கழற்றி, துண்டால் சுற்றி, அலுமாரிக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தான். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. "கோவிக்க மாட்டாரோ?" என்று பகிடி போலக் கேட்டேன். அவன் அலுமாரியைச் சாத்திக்கொண்டே சொன்னான்: "அவருக்குப் பழக்கம் அண்ணை. கொழும்பு லொட்ஜில நாலு மாதம் எங்களோட சூட்கேசுக்குள்ள இருந்தவர்."

கைக்குழந்தை

இதைத்தான் எழுதாமல் விடப் பார்த்தேன்.

ரவியும் ஜெயந்தியும் இரண்டாம் மாடி. மகனுக்கு ஆறு மாதம். ரவியின் பெர்மெசோ அந்த வருடத்தோடு முடியப்போகிறது, ஒப்பந்தம் நீண்டே ஆக வேண்டும். "பிள்ளை இருக்கிறது சின்யோராவுக்குப் பிரச்சினையோ அண்ணை?" என்று ஜெயந்தி கேட்டாள். நிலம் துடைக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சின்யோரா பதில் சொல்லியிருப்பார். கேட்டுச் சொல்கிறேன் என்றால் என் மதிப்பு என்னாவது? "அவவுக்குக் கைக்குழந்தை சரிவராது. கையெழுத்து முடியும் மட்டும் எங்கையாவது விடுங்கோ" என்று கூசாமல் சொன்னேன்.

தூரத்தில், கத்தானியா நகரில் இருந்த தன் அக்காவிடம் பிள்ளையை விட்டாள். ஒரு கிழமை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சின்யோரா முழங்கால் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கையெழுத்து ஐந்து மாதம் தள்ளிப்போனது. ஜெயந்தி வேலைக்குப் போன வீட்டில் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் லீவு. அந்த இரண்டு ஞாயிறும் பஸ்ஸில் போய் வந்தாள். நான் அப்போதும் சின்யோராவைக் கேட்கவில்லை. பொய் வெளியே வந்துவிடுமே. ஒருநாள் படியில் கண்டு, பிள்ளையைக் கூட்டி வருவோமா என்று நானே அரைமனதோடு இழுத்தேன். அவள் சொன்னாள்: "வேண்டாம் அண்ணை. சின்யோரா சொன்னவ எண்டால் சொன்னதுதான். வீடு முக்கியம்."

கையெழுத்து

சின்யோரா புதுத் தடியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். ஜெயந்தி வீட்டு மேசையில் கையெழுத்துப் போட்டார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கம்பளித் தொப்பியை எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பின்னியதாம். போன வருடம் சந்தையில் ஜெயந்தியை வயிற்றோடு கண்டவராம். இந்தக் கட்டடத்தில் குழந்தைச் சத்தம் கேட்டு எத்தனை வருடம் என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கே குழந்தை?"

மொழிபெயர்க்க வேண்டியவன் நான். நான் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினேன். ஆனால் அந்தக் கேள்வி விளங்குகிற அளவுக்கு ஜெயந்திக்குப் பாஷை வந்திருந்தது. தொப்பியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தொப்பியைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்: "போன கிழமை அவன் நடக்கத் தொடங்கிட்டானாம் அண்ணை. அக்கா ரெலிபோனில சொன்னவ."

அவள் என்ன சொல்கிறாள் என்று சின்யோரா ஆவலோடு கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றேன்.

அந்த வருடம் நாலு வீட்டுக்கும் ஒப்பந்தம் நீட்டிக் கொடுத்தவன் என்று எங்கள் ஆட்கள் என்னை இன்றைக்கும் மெச்சுகிறார்கள், நானும் இன்றுவரை மறுத்ததில்லை.