சிஸ்டருக்குப் பிந்தி அனுப்பிய வாழ்த்து

கவர்மெண்ட் வேலை கிடைத்து நர்ஸ் சிஸ்டர் எங்கள் ஆஸ்பத்திரியை விட்டுப் போன அன்று டயாலிசிஸ் அறையில் படுத்திருந்த எல்லோரும் அவருக்கு ஏதாவது சொன்னார்கள். என் பக்கத்துக் கட்டில் அம்மா ராமேஸ்வரத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம். ஒரு கையில் ஊசி ஏறியிருக்க, மறு கையால் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஏ தாயி, கவர்மெண்டு வேலைன்னா இங்கனயே குடுக்க மாட்டானாக்கும்? ஓசூர்க் குளிர்ல போயி என்ன செய்வ?"

"போட்ட எடத்துக்குப் போகணும்லம்மா."

"போ, போ. மாதா உன்னியக் காப்பாத்தட்டும். புதுசா வாரவ என் கையக் குத்திச் சல்லடையாக்கப் போறா. அதுக்கு நீதான் பொறுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக சிஸ்டர் என் கட்டிலுக்கு வந்து, "அண்ணே, போயிட்டு வாரேன்" என்றார்.

"சரிம்மா" என்றேன்.

"அம்புட்டுத்தானா? வாயில கொழுக்கட்டையாண்ணே?"

நான் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்த என் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு உப்பளத்து வேலைக்குப் போனவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது. சிஸ்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்களைப் போன்ற நோயாளிகளுக்குக் கையில்தான் உயிர். சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துவிடுவார்கள். அங்கே விரலை வைத்தால், தீப்பெட்டிக்குள் வண்டைப் பிடித்து அடைத்த மாதிரி உள்ளே இரையும். அந்த இரைச்சல் இருக்கும் வரைக்கும் அதில் ஊசி போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம். என் இடது கையில் அது முன்பே நின்றுவிட்டது. மிஞ்சியது வலது கை. அதுவும் போனால் கழுத்தில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்துக் குழாயில் கிருமி ஏறும். அதோடு எத்தனை காலம் ஓடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம்.

என் வலது கை நரம்பு ஆழத்தில் வளைந்து கிடந்தது. சிஸ்டருக்கு அது பழகியிருந்தது.

அன்று சாயல்குடி பஸ்ஸில் திரும்பும்போது வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

"வருசக்கணக்கா அந்தப் புள்ள உங்க கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு. நல்லாயிரும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?"

"போன்ல அனுப்பிக்கிறேன்."

"அனுப்பிக் கிழிச்சீக."

"கல்யாணமான புள்ளைக்கு நான் பாட்டுக்கு மெசேஜ் போட்டா, அவுக வீட்ல என்ன நெனைப்பாக?"

"ஆமா, பெரிய மன்மதன். உங்க மூஞ்சியப் பாத்து யாரு சந்தேகப்படப் போறா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நாலு வரி எழுதினேன். நன்றாக இல்லை என்று அழித்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை புது சிஸ்டர் போட்ட ஊசி நரம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. முழங்கை வரை நீலம் பாரித்து வீங்கியது. சின்னப் பெண். ஐஸ் வைத்துக்கொண்டே, "மன்னிச்சிருங்கண்ணே" என்று அழுதது. "என் நரம்பு அப்படிம்மா, நீ என்ன செய்வ" என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மா சும்மா இருக்கவில்லை. பழைய சிஸ்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"தாயி, இந்தத் தம்பி கைய நீ பாத்தியன்னா அழுதுருவ. பூசணிக்காயா வீங்கிக் கெடக்கு."

"ஐஸ் வச்சாங்களாம்மா?" என்று கேட்ட குரல் உடைந்திருந்தது. "நான் இங்க இருந்துக்கிட்டு என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

அதற்குப் பிறகு என்னால் வாழ்த்தை அனுப்ப முடியவில்லை. எதை எழுதினாலும் அதற்குள் என் கை வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கள் நன்றாக இருங்கள் என்று எழுதினால், நான் நன்றாக இல்லை என்று சொல்வது போல எனக்கே கேட்டது. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் பிழைக்கப் போனவருக்கு அதையா அனுப்புவது? வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் எழுந்ததும் வழக்கம்போல விரலை வைத்துப் பார்த்தேன். இரையவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். வீட்டுக்காரி ஓடிவந்து என் கையில் காதை வைத்தாள்.

"இந்தா, கேக்குதே. உங்களுக்குத்தான் வெளங்கல."

கொஞ்ச நேரம் காதை எடுக்காமலே இருந்தாள். பிறகு எழுந்து பையில் துணிகளை அடுக்கினாள்.

ரத்தம் உறைந்துவிட்டது என்றார் டாக்டர். பிரஷர் இறங்கினாலும் இப்படி ஆகும், ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது என்றார். அன்றே கழுத்தில் குழாய் போட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் என்னால் எழுத முடிந்தது. ஊசி போட இனி என் கையில் இடம் இல்லை. அதனால் சிஸ்டரிடம் கேட்பதற்கும் எனக்கு ஒன்றும் இல்லை. வாழ்த்து வெறும் வாழ்த்தாக நின்றது.

"வணக்கம் சிஸ்டர். லேட்டாக அனுப்புகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். புது ஊரில் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் ஊசி போட்டால் எனக்கு வலித்ததே இல்லை."

கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "அண்ணே! நீங்க பேசாம இருந்ததும் கோவமோன்னு நெனச்சேன். கை வீக்கம் வடிஞ்சிருச்சா? அந்த அம்மா சொன்னதுல இருந்து எனக்கு மனசே சரியில்லண்ணே."

கையைப் பார்த்தேன். வீக்கம் வடிந்துதான் இருந்தது. தோல் சுருங்கி, பழைய கை மாதிரியே இருந்தது.

"வடிஞ்சிருச்சும்மா" என்று எழுதினேன்.

"அப்பாடா. இனிமே நிம்மதியா வேல பாப்பேன்" என்று வந்தது. கூடவே கும்பிடுகிற கைப் படம்.

வீட்டுக்காரி போனை வாங்கிப் படித்தாள். "கழுத்தப் பத்திச் சொல்லலயே?"

"கையத்தான கேட்டாக."

மன்மதன் என்று கேலி செய்தவள், போனைத் திருப்பி என் கையில் வைத்தாள்.

அடுத்த முறை போனபோது பக்கத்துக் கட்டில் அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவர் பக்கம் சாய்ந்து, சிஸ்டரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த அறையில் நானாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

"சொல்லல தம்பி. ஆனா உன் கை எப்படின்னு அவ கேட்டா, நான் என்னன்னு சொல்ல?"

"கேக்க மாட்டாங்கம்மா" என்றேன். "இனிமே கேக்க மாட்டாங்க."