தாயாருக்குத் தைலக்காப்பு

எனக்கு வலது தோளின் பின்பக்கம் வலி. கையைத் தூக்கிப் பின்னல் போட்டு முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். இது இன்று நேற்று வந்ததில்லை. ஆத்துக்காரர் இருந்தவரை, சாயங்காலக் காபி ஆனதும் களிம்பு ட்யூபும் கையுமாக வந்துவிடுவார். காது ரேடியோவில், கை என் தோளில்.

ஆனி மாதத்தில் ஸ்ரீரங்கம் கோயிலில் பெரிய பெருமாளின் திருமேனிக்குத் தைலக்காப்பு சாத்துவார்கள். அதன் பிறகு சில வாரங்கள் திருமுகத்தை மட்டும்தான் சேவிக்கலாம், திருவடி தெரியாது. அதை வைத்து, என்னைப் பெருமாளின் தேவியான தாயாராக்கிக் கேலி செய்வார். தடவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "தாயாருக்குத் தைலக்காப்பு ஆயிடுத்து. இனிமே திருவடி சேவை கிடையாது" என்பார்.

"அப்போ தோசை யார் வார்ப்பாளாம்?" என்பேன்.

"தாயாரே எழுந்தருளி வார்க்கணும்."

வலியும் விட்டுவிடும்.

அவர் போன பிறகு அதே களிம்பு கேட்கவில்லை. கை எட்டியமட்டும் தடவுகிறேன். வலியோ பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்களா என்று மருந்துக் கடையில் சண்டைகூடப் போட்டேன்.

கடைசியில் பஸ் பிடித்துத் தில்லைநகர் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், பொறுமைசாலி. "மணிக்கட்டு, கணுக்கால்னா களிம்பு ஓரளவு கேட்கும்மா. அங்கெல்லாம் தசைநார் தோலுக்குப் பக்கத்துலயே இருக்கு. உங்களுக்கு வலி ஆழத்துல இருக்கு, மருந்து அவ்வளவா போய்ச் சேராது. எக்சர்சைஸ்தான் முக்கியம். களிம்பும் வேணும்னா போடுங்க. தடவி விட வீட்ல யாராவது இருக்காங்களா?"

"இருக்கார்" என்றேன். வாய்ப்பழக்கம். திருத்திச் சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பும்போது காவிரிப் பாலத்தில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி என்ன நினைத்தாளோ, ஜன்னலைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் வீம்பு பிடித்தது. தோசைத் திருப்பியில் துணியைச் சுற்றிக் களிம்பைப் பிதுக்கி, கண்ணாடியைப் பார்த்து இடது கையால் பின்பக்கம் தடவினேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வலிக்கிற இடம் அக்குளுக்குப் பின்னால், ஓரத்தில். அவர் இத்தனை வருஷமும் தேய்த்தது முதுகுத்தண்டை ஒட்டி. பாட்டுக் கேட்கிற மும்முரத்தில் கை போன இடத்தில் தேய்த்திருக்கிறார் மனுஷர். எனக்கும் அதுதான் சரியான இடமாகப் பட்டிருக்கிறது. இன்று மருந்து சரியான இடத்தில் பட்டது. வலி அப்படியே இருந்தது.

சாயங்காலம் தோசை வார்த்தேன். திருப்பியை அழுந்தத் தேய்த்துக் கழுவியும் தோசையில் களிம்பு வாசனை. அவர் இருந்திருந்தால் முதல் விள்ளலிலேயே தட்டைத் தள்ளியிருப்பார். "தோசைக்குமா தைலக்காப்பு?" என்று கேட்க ஆளில்லை. முழுத் தோசையையும் நானே தின்றேன்.