நாலு விரற்கடை மழை

எனக்குக் கடல் தாண்டிப் போகவேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இளம் விரிவுரையாளனாக இருந்தபோது என் மண்டையில் இருந்தது அது ஒன்றுதான். போவது உறுதியாகும் முன்பே கம்பளிக் கோட்டு தைத்தாயிற்று. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை.

கல்லூரியின் ஆராய்ச்சி முன்னுரிமைகளைத் தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டோம். வெகுநேரம் விவாதித்து, மலைப்பகுதி மழையை ஆராய்வதே தலையாயது என்று முடிவு செய்தோம். மலை மழையை அளந்து கொடுத்தால் எங்களோடு கூட்டுச் சேர்வதாகவும், ஒருவரை இரண்டு வருடம் அழைத்துக்கொள்வதாகவும் குளிர் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எழுதிய கடிதம் அதற்கு முந்தின வாரமே வந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் முதல்வருக்கு ஏக சந்தோஷம்.

மழைமானி கப்பலில் வந்தது. இடுப்புயரச் செப்புக் குழாய். மாதம் பூராவும் பெய்கிற மழை உள்ளே ஒரு பாத்திரத்தில் சேரும். கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்ற ஊரில், ஒரு குடியானவர் வீட்டு வாசலில் நட்டோம். பூட்டு ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். வாய் திறந்த குழாய்க்குப் பூட்டு எதற்கு என்று ஆபீஸில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து ஏறுவேன். முட்டி கழன்றுவிடும். போனதும் அந்தப் பாத்திரத்தை எடுத்து, அளவுகோல் விட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி, தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே வைப்பேன். அந்த வீட்டுக்காரம்மா களியும் கீரையும் போடுவார். மழை எப்படி என்று குடியானவரிடம் கேட்டால், "உங்க குழாய்க்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போவுதுங்க?" என்பார். நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரியில் கீழே ஒரு சொட்டு இல்லை. மலையில் நாலு விரற்கடைத் தண்ணீர். மார்ச்சிலும் நாலு. அடுத்த வருடம் அதே மாதங்களிலும் அதே நாலு. கொஞ்சம் புத்தி உள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் வறண்ட மாதங்களில் மாறாத மலை மழையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். குளிர் நாட்டுப் பேராசிரியர் ஆடிப்போய்விட்டார். அவர்களும் தங்கள் முன்னுரிமையை மாற்றிக்கொண்டார்கள். மலையில் இன்னும் பத்துக் குழாய் நடுவதாகவும், இரண்டு வருடம் அங்கே போகும் அந்த இடம் எனக்கே என்றும் கடிதம் வந்தது.

அதற்கும் அடுத்த வருடம் ஏப்ரலில் பரீட்சை வேலை குறுக்கிட்டதால் சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமையே ஏறினேன். திருப்பத்திலேயே வாசல் தெரிந்தது. வீட்டுக்காரம்மா குடத்திலிருந்து செம்பால் மொண்டு குழாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் அரைச் செம்பு ஊற்றினார்.

"என்னம்மா பண்றீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"அட, நாளைக்குத்தானுங்களே வருவீங்க!" என்றார். முகத்தில் களவு எதுவும் இல்லை. "ஏனுங்க வாத்தியாரே, இத்தனை மலை ஏறி வாரீங்க. வந்தவங்க கண்ணுல வெறும் பாத்திரம் படலாமுங்களா? எங்க ஊட்டு வாசல்ல அப்படி நடந்ததே இல்லீங்க. மழை பேஞ்ச மாசத்துல நான் அதைத் தொடறதே இல்லீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. கோடையில் சுனை வற்றியதால், அவர் பள்ளத்துக்கு இறங்கி இடுப்பில் சுமந்து கொண்டுவந்த தண்ணீர் அது. அதைத்தான் நான் மாதாமாதம் அளந்து வாசலில் கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

இறங்கும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது, கப்பலேறிவிடலாம். ஆனால் பத்துக் குழாய் நடப்போகிறார்கள். பத்து வாசல், பத்துப் பெண்கள், எத்தனை குடம்! திங்கட்கிழமை முதல்வரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன்யா, கப்பலேறினப்புறம் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

விஷயம் கடிதமாகக் குளிர் நாட்டுக்குப் போனது. கூட்டு முறியவில்லை. பத்துக் குழாயும் வரவில்லை, என் இடமும் போயிற்று. இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்ந்துகொண்டிருந்த சக விரிவுரையாளர் போனார். அங்கே குளிராமே என்று என் கோட்டைக் கேட்டார். கொடுத்தேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த பிப்ரவரியில் வழக்கம்போல ஏறினேன். இந்தக் கணக்கு குளிர் நாட்டுக்காரருக்குப் போகிறது, இனி ஊற்றவே கூடாது என்று அந்த அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தேன். அளவுகோல் காய்ந்தபடியே மேலே வந்தது. நோட்டில் சைபர் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் அவர் தளும்பத் தளும்ப ஒரு குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"அது அந்த நாட்டுக்காரருக்குங்க," என்றார். "இது உங்களுக்கு."