கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் ஸ்டாண்டில் பதினோரு வேன்கள் நிற்கும். அதில் வயதில் மூத்தது என் வேன். வாயில் மூத்தவன் நான்.

செங்கல்பட்டில் ஆட்களை ஏற்றி மாமல்லபுரத்தில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி பழசுதான் என்றாலும் அதற்குள் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. டிரைவர் சீட்டுக்கு அடியில், டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. டீசல் எப்போது, எவ்வளவு என்று இன்ஜினுக்குச் சொல்வது அதுதான். பல வருடம் அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வண்டியை நான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்கழுக்குன்றத்தில் காதுகுத்து முடித்த குடும்பம் ஒன்றைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். பாதி வழியில் இன்ஜின் நின்றது. சாவியைத் திருப்பினால் கிளம்பும், இரண்டு நிமிடத்தில் மறுபடி நிற்கும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண்ணடித்தது. “மத்தியான பூஜைக்கு மலைக்கு வர்ற கழுகே இப்பல்லாம் டைமுக்கு வர்றதில்லீங்க, வண்டிய இன்னா சொல்றது” என்றேன். காது குத்திய குழந்தைகூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள்.

வேனைக் கயிறு கட்டி இழுத்துப் போய் என் நண்பனின் ஷெட்டில் விட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது ஊருக்கெல்லாம் மெக்கானிக் பாய், எனக்கு மட்டும் மச்சான். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் என் வண்டிக்குப் புது ஸ்பீக்கர் வைத்து வயர் இழுத்துக் கொடுத்திருந்தான்.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும், “இன்னா ஆச்சு அண்ணாத்த?” என்று கேட்டார்கள்.

“பாய் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்தான் இல்ல? பாட்டு நேரா இன்ஜினுக்குப் போயிடுச்சு. இப்ப அது வேலைய வுட்டுட்டு பாட்டு கேட்டுகினு கீது.”

சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. சிரிப்பு கிடைத்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நாலு நாள் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னேன். ஐந்தாம் நாள், வழக்கமாக அவனிடம் போகிற இரண்டு வேன்கள் ஆயில் மாற்ற வேறு ஷெட்டுக்குப் போயின. கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் அடுத்த ஆளிடம் கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் சொன்னேன்.

அங்கே ஷெட்டில் அவன் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனரை மாட்டிப் பார்த்திருக்கிறான். கம்ப்யூட்டர் பதிலே சொல்லவில்லை. “உன் வண்டியா இது? ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதே” என்றான். திருப்போரூர் வரைக்கும் அலைந்து, அதே நம்பர் போட்ட பழைய பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாட்டினால் இன்ஜின் கிளம்பி இரண்டு வினாடியில் அணைந்தது.

“இது வேற வண்டில இருந்த பெட்டி மச்சான். உன் சாவி யாருன்னே அதுக்குத் தெரியல. பழசுல கீறத எடுத்து இதுல ஏத்தணும்.”

அந்த வேலை தெரிந்த லேப்டாப்காரர் ஒருவரை வரச் சொல்லிவிட்டு, என்னுடைய பழைய பெட்டியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“மச்சான், இங்க வா.”

போய்ப் பார்த்தேன். வயரெல்லாம் வந்து சேருகிற பிளக்கில் பின்கள் பச்சை பூத்து அரித்திருந்தன. அவற்றின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஸ்டாண்டில் போட்டி போட்டு வண்டி கழுவுவோம். ஸ்டியரிங், டயர், ஜாக்கி, ஸ்பானர், ஒன்று விடாமல் பொட்டு வைப்போம். இந்த முறை சீட்டைத் தூக்கித் துடைத்தபோது அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. ஸ்டெப்னிக்கே வைக்கிறோம், மூளைக்கு வைக்காமல் விடுவது என்ன நியாயம்? மூடி உடைந்திருந்த அந்தப் பிளக்கின் மேலேயே, பன்னீரில் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். பக்திதான். ஸ்டாண்டில் வேறு ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லையே என்ற பெருமையும் சேர்த்தி.

“ஸ்பீக்கர் வயர் அந்தப் பக்கமா போவுது” என்றான் நண்பன். “இந்தப் பக்கமே வரல.”

ஸ்குரூ டிரைவரால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: “பாட்டு இன்ஜினுக்குப் போயிடுச்சாமே. நல்லாத்தான் கீது. மொத நாளே எங்க வூட்ல கூட சிரிச்சாங்க.”

முதல் நாளே அவன் காதுக்குப் போயிருக்கிறது. அதற்கப்புறம்தான் திருப்போரூருக்கு அலைந்திருக்கிறான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உதிர்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தேன்.

லேப்டாப்காரர் வந்தார். என் பெட்டியில் இருந்ததைத் திருப்போரூர் பெட்டிக்கு மாற்றினார். வண்டி கிளம்பியது, நிற்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டாண்டில் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். “தப்பு என்னுது. கம்ப்யூட்டருக்கு நான்தான் சந்தனம் வச்சேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல.”

அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை வாங்கியதில்லை. ஒருவர் பானட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“கம்ப்யூட்டருக்குப் பொட்டாம்! பூ வக்கிலியா?”

“நெசமாத்தான் சொல்றேன்பா.”

“தெரியும், தெரியும். ஃபிரண்ட வுட்டுக் குடுக்க மாட்டான் நம்மாளு.”

பொய்யை நம்பினார்கள், நிஜத்துக்குக் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடமாக நானே பழக்கி வைத்த ஆட்கள்.

வேறு ஷெட்டுக்குப் போன இரண்டு பேரில் மூத்தவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதுமே சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார். சிரிப்பு வராத மாதிரி எப்படிப் பேசுவது? வாய் தன்னால் ஒரு ஜோக்கைத் தேடியது. இழுத்து மூடிக்கொண்டேன்.

“அவன் பேரைக் கெடுத்துட்டேண்ணா” என்றேன்.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. “நெசமாவாடா?”

தலையாட்டினேன்.

“நாலு நாளா சொல்லிகினு இருந்தியேடா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்தச் சனிக்கிழமை பிரேக் பார்க்க அவர் வேன் என் நண்பனின் ஷெட்டுக்குப் போனது. இன்னொரு வேன் இன்னும் போகவில்லை. அதன் டிரைவரிடம் தினமும் சொல்கிறேன். அவரும் தினமும் சிரிக்கிறார்.