சத்தம் எந்தப் பக்கம், அண்ணாச்சி?

காது கேட்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்கள் தொழிலில் முதலில் போவது எங்கள் தொண்டைதான். உள்காதில் காக்ளியர் கருவி வைத்துவிட்டால் சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது லேசில் பிடிபடாது. அதற்காக எங்கள் மையத்துக்கு விஆர் கண்ணாடி வந்தது. மாட்டினால் கண்முன் ஒரு தோப்பு. கிளி ஒளிந்திருந்து கத்தும். கத்துகிற பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா என் சக தொழிலாளிகளே!

காணாமல் போன கிளி

சேவியர் அண்ணாச்சி திரேஸ்புரத்தில் மீன் ஏலம் விடுபவர். காய்ச்சலில் காது போய், இரண்டு பக்கமும் கருவி வைத்துக்கொண்டவர். சுற்றி நின்று விலை கேட்பவர்களில் யார் கேட்டது என்று தெரியாமல் மீனை வேறொருவர் தலையில் கட்ட, ஒரே சண்டை. பக்கம் பிடிபட்டால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றுவிட்டது மீனவர் சங்கம்.

முதல் நாள் கண்ணாடியை மாட்டினேன். மனிதர் அசையவே இல்லை. பார்த்தால், கண்ணாடியின் பட்டை, தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த கருவியின் வில்லைகள் இரண்டையும் தள்ளிவிட்டு, சத்தமே கேட்காமல் செய்திருக்கிறது! ஒட்டவைத்ததும் சொன்னார்: "தோப்பு நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. கிளியத்தான் எவனோ புடிச்சிட்டுப் போயிட்டான்."

திடீர் முன்னேற்றம்

அடுத்த வாரம் எல்லாமே சரி. சந்தோஷத்தில் மையம் முழுக்க வடை வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன். அவர் மனைவி ரோஸ்லின் அக்கா பின்னால் நின்று, கிளி இருக்கும் இடத்தை என் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து, அந்தப் பக்கத் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

வெளியே அனுப்பினேன். அண்ணாச்சி தடுமாறினார். வாசலில் நின்றபடி அக்கா சொன்னதில் என் கோபம் போன இடம் தெரியவில்லை: "இவிய சரியாத் தூங்கவே மாட்டேங்காவ. ஒரு நாளாவது செயிக்கட்டுமேன்னுதான் கிள்ளுனேன்."

ஒரு கூடை சாளை

கிளியை விட்டுவிட்டு ஏலக்கூடத்து இரைச்சலையே பதிவு செய்து கண்ணாடிக்குள் போட்டோம். மாதக்கணக்கில் பழகினார். சங்கம் ஒரு நாள் வாய்ப்புக் கொடுத்தது. நானும் போய் நின்றேன்.

எதிரே கேட்டவர்களைச் சரியாகப் பிடித்தார். முதுகுக்குப் பின்னால்? ஒரு கூடை சாளை மீன் ஏலத்துக்கு வந்தபோது, பொறுக்க முடியாமல் கூட்டத்தில் அவர் முதுகுப் பக்கம் போய், "அண்ணாச்சி!" என்று கத்தினேன். சடாரென்று திரும்பி நேராக என்மேல் விரலை நீட்டி, "சாளை டாக்டரம்மாவுக்கு!" என்றார். சங்கத் தலைவரே கைதட்டிவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

"ஏலத்துல சும்மா கூப்புடுத சோலியே கெடையாது. கூடையத் தூக்குங்க."

அண்ணாச்சிக்குப் பயிற்சி முடிந்து வேலை கிடைத்தது. எனக்குச் சாளை ஆயும் பயிற்சி அன்று மாலைதான் ஆரம்பமானது.