நேர்ச்சைக் குஞ்சுக்கு நடை பழக்கிய கதை

முட்டை பொரிக்கிற மெசின் வைத்திருப்பவனை ஊரில் பாதிப் பேர் மருத்துவிச்சி என்றும் மீதிப் பேர் கள்ளன் என்றும் நினைக்கிறார்கள். குஞ்சு பொரித்தால் அது அவர்களுடைய கோழியின் திறமை. பொரிக்காவிட்டால் என் மெசினின் குற்றம். கல்முனைக்குடியில் வீட்டு விறாந்தையில் மெசினை வைத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பாட்டைக் கேட்டு வருகிறேன். கோழி வளர்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பொறுமையாக வாசியுங்கள், உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

மரியாதை செய்தது

கடற்கரைப் பக்கம் இருக்கும், ஊருக்கே அக்காவான பரீனா ராத்தாவின் கணவர் ஆழ்கடலுக்குப் போன இடத்தில் போட்டின் இஞ்சின் நின்று, பதினொரு நாள் கரைக்கு வரவில்லை. மனிசன் உயிரோடு வந்தால், தன் கோழியின் அடுத்த ஈட்டு முட்டைகளில் பொரிக்கும் ஒரு குஞ்சை வளர்த்துக் கறி ஆக்கி, ஏழை எளியதுகளுக்கும் அயலவர்க்கும் கொடுப்பதாக ராத்தா நேர்ச்சை வைத்தார். மனிசன் கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தார். அடுத்த மாதம் ராத்தா ஒன்பது முட்டையோடு என்னிடம் வந்தார். அதில் ஒன்றில் பென்சிலால் குறி போட்டிருந்தது. பொரிக்குமா பொரிக்காதா, சேவலா பேடா என்று எதுவும் தெரியாமலே அது நேர்ச்சை முட்டை ஆகிவிட்டது. எங்கள் ஊரில் இன்னது என்று மனதில் நிய்யத்து வைத்தால் வைத்ததுதான்.

அந்த முட்டை மற்றதோடு கலந்துவிடக் கூடாதே என்று நான் ஒரு வேலை செய்தேன். தட்டின் மூலையில் தனியாக ஒரு மறைப்பு வைத்து, கம்பி வலை உறுத்தாமல் இருக்கட்டும் என்று கடையொன்றில் கொடுத்த கலண்டரின் மினுங்கும் தாளை விரித்துவிட்டேன். இருபத்தோராம் நாள் எட்டுக் குஞ்சும் கம்பி வலையில் நகத்தை மாட்டி எழுந்து நின்றன. ஒன்பதாவது வழுக்குத் தாளில் எழும்ப எழும்பச் சறுக்கி, இரண்டு காலும் இரண்டு பக்கமாக விரிந்து நெஞ்சில் கிடந்தது. நான் மரியாதை செய்யாத எட்டும் சுகமாக இருந்தன. கலண்டர் விஷயத்தை ராத்தாவிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“எனக்கெண்டு வெச்ச எட்டும் நடக்கிது. அல்லாஹ்வுக்கெண்டு வெச்சது மட்டும் படுத்திரிக்கி. இத நான் எந்த முகத்தோட குடுக்கிற தம்பி?”

இரண்டு நாள் வயது

காலைச் சரியாக்கித் தருவதாகச் சொல்லிக் குஞ்சை வாங்கி வைத்துக்கொண்டேன். இதற்கு வைத்தியம் ஒன்று உண்டு. இரண்டு காலையும் சேர்த்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, மெல்லிய பிளாஸ்டரால் விலங்கு போடுவது போலக் கட்ட வேண்டும். எலும்பு இளசாக இருக்கும் முதல் சில நாளுக்குள் செய்தால்தான் சரிவரும். சுணங்கினால் அந்தக் கால் அப்படியே முற்றிவிடும். நான் பாமசிக்கு ஓடினேன். ஆருக்கு என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார். பிறந்து இரண்டு நாள், நிற்குதில்லை, காலைச் சேர்த்துக் கட்டப் போகிறேன் என்றேன். எந்த டொக்டர் சொன்னார் என்று கேட்டார். டொக்டர் எதற்கு, நான்தான் பார்த்துக் கட்டுவேன் என்றேன். மனிசன் பிளாஸ்டரைத் திரும்பவும் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். கோழிக்குஞ்சு என்று விளக்கி முடித்த பிறகுதான் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் மூச்சு விட்டார்கள், கவுண்டர்காரர் பிளாஸ்டரை மறுபடி எடுத்து நீட்டினார்.

“அத முதல்ல சொல்லணும் காக்கா. நான் பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்துட்டன்.”

மாஸ்டர்

கட்டுப் போட்டதும் கால் சேர்ந்தது, ஆனால் ஆளுக்கு நிதானம் இல்லை. இரண்டடி வைக்கும், இடப் பக்கம் சாயும், சாய்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிடும். பெட்டியில் இருந்த மற்றவர்களின் குஞ்சுகள் அதன் மேலே ஏறி ஓடின. தனிப் பெட்டியில் போட்டு, வழுக்காமல் இருக்க மருதமுனையில் நெய்த பழைய சாரன் துணித் துண்டொன்றை விரித்தேன். தேநீர்க் கோப்பைக்குள் நிமிர்த்தி வைத்தால் கோப்பைச் சுவரில் சாய்ந்து நிற்கப் பழகும். விற்றமின் துளி கலந்த தண்ணீரில் சொண்டைத் தொட்டுத் தொட்டுக் குடிக்கப் பண்ணினேன். லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு தரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தரம் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து நடத்தினேன். நடை பழக்கும் மாஸ்டரான நானும் கூடவே தவழ வேண்டியிருந்தது. மனைவி கறிச்சட்டியும் கையுமாக நின்று பார்த்தாள்.

“எங்கட மூணு புள்ளயளும் நடை பழகக்குள்ள நீங்க ஒரு விரல் நீட்டல்ல.”

கணேசண்ணன் கேட்ட கேள்வி

கோழித் தீன் கொண்டுவரும் கணேசண்ணன் தம்பிலுவில்காரர். மூட்டையை இறக்கிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குஞ்சு அப்போது எவரும் பிடிக்காமல் ஐந்தடி நடந்து, விழாமல் திரும்பியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நேர்ச்சைக் கதை முழுவதையும் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, நொண்டினா உயிரோட இருக்கும், நடந்தா சட்டிக்குப் போகும். தம்பி, நீ இதுக்கு ஆர்? டொக்டரா, சமையல்காரனா?”

கழற்றாத கட்டு

அன்றுதான் கட்டைக் கழற்ற வேண்டிய நாள். நான் கழற்றவில்லை. ஒரு நாள் பொறுத்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் பிளாஸ்டர் இறுகித் தோல் சிவந்திருந்தது. குஞ்சு வழக்கம் போல என் கையைத் தேடி வந்து, விரலுக்கு நடுவில் தானாகவே புகுந்து நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேங்காயெண்ணெய் பூசி மெல்லமாகக் கட்டை உரித்தேன். ஆள் குதித்துப் பெட்டியை விட்டு வெளியே பாய்ந்தது.

பரீனா ராத்தா குஞ்சைக் கூட்டிப்போக வந்தபோது கலண்டர் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அந்தத் தைரியத்தில், இதை என்னிடம் விட்டுவிடுங்கள், பதிலுக்கு நன்றாக வளர்ந்த சேவல் இரண்டு தருகிறேன் என்றேன். ராத்தா குஞ்சை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். அதன் தலையை ஒரு விரலால் தடவிவிட்டார்.

“எனக்கு மட்டும் இத அறுக்க விருப்பமா தம்பி? நான் அல்லாஹ்விட்ட கேட்டன், மனிசன் வந்துட்டாரே. இனி என்னெண்டு சொல்லி மாத்துற?”

பங்கு

அது சேவலாக வளர்ந்தது. கடற்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அதன் காலுக்குத்தான் போகும். ஒரு நாள் ஓட்டோ ஒன்றுக்கு முன்னால் வீதியை நிதானமாகக் கடந்தது. சாரதி ஏசினார், அது திரும்பியும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது பரீனா ராத்தாவும் கணவரும் வாசலில் நின்றார்கள். கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நேர்ச்சை வைத்தவர்கள் அந்த இறைச்சியில் வாய் வைப்பதில்லை, அது முழுவதும் மற்றவர்களுக்குத்தான். ராத்தா மூடிய பீங்கான் தட்டொன்றை நீட்டினார். இன்னும் சூடு ஆறவில்லை.

“எல்லாருக்கும் பங்கு வெச்சிக் குடுத்தம் தம்பி. கால் ரெண்டயும் உங்களுக்கெண்டு எடுத்து வெச்சன்.”

பன்னிரண்டு வருடத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக அளந்து எவரும் பாராட்டியதில்லை, அன்று நான் சோற்றை மட்டும் சாப்பிட்டேன்.